கண்ணாடிக் கண்ணும் மாநிறத் தோலும்: அசல்போன்ற பொம்மைகள் ஏன் கலங்கடிக்கின்றன?

கேள்வி இதுதான்: “கையால் செய்த, நிஜச் சிறுமிகளைப் போலவே இருக்கும் கலைப் பொம்மைகளின் படங்களைப் பார்த்தேன். கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் அடிவயிற்றில் ஏதோ செய்கிறது. ஏன் அப்படி? காட்பாடியில் இருந்துகொண்டே இதைக் கற்றுக்கொள்ள முடியுமா? அந்த மாதிரிப் பொம்மையை வீட்டுக்குள் கொண்டுவராதே என்கிறார் அம்மா.”

அம்மா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி. இந்தப் பொம்மைகள் மனத்தைக் கலங்கடிக்கும். துளியும் கலங்கடிக்காத ஒன்று இந்த வகையில் தேறிய பொம்மையே இல்லை. ஆனால் அதற்குக் காரணம் ஆவியோ சேட்டையோ கிடையாது, செய்தவரின் கைவேலை. கொலுப் பொம்மைகளுக்கு வண்ணம் புதுப்பிப்பதும் கண்ணாடிக் கண் வைத்த பொம்மைகள் செய்வதும் எனக்குப் பல வருடப் பழக்கம். அதை வைத்துச் சொல்கிறேன்: எல்லாவற்றையும் நிஜமாக்கத் துடிக்கிறவரின் பொம்மை பிணமாகப் படுத்துவிடுகிறது. எதை நிஜமாக்காமல் விடலாம் என்று தெரிந்தவரின் பொம்மைதான் மூச்சு விடுகிறது.

நீங்கள் பார்த்த படங்கள் பெரும்பாலும் ரஷ்யாவின் கிராஸ்னதார் நகரத்துக்காரரான மிகைல் ஸாய்க்கோவ் செய்தவையாக இருக்கும். பாலிமர் களிமண்ணில் சிறுமிகளின் உருவங்களைச் செய்கிறவர் அவர். கண்கள் ஜெர்மனியில் கையால் செய்த கண்ணாடிக் கண்கள். தலைமுடி பிரான்ஸிலிருந்து வரும் மோஹேர், அதாவது அங்கோரா ஆட்டின் முடி. உடம்பில் பந்து மூட்டுகள் இருப்பதால் தலையைச் சாய்க்கலாம், மணிக்கட்டைத் திருப்பலாம். அவருடைய சிறுமிகளில் சிரிக்கிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். புன்னகை நிலைத்து நிற்கிற ஒன்று இல்லையே. அதை உறையவைத்தால் இரண்டாம் நிமிடமே முகம் பொய்யாகிவிடும். எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்ட முகம் நாள் முழுக்கத் தாங்கும். கனடாவின் வான்கூவரில் இருக்கும் மரீனா பிச்கோவா வேறு வழியில் போகிறார். அவருடையவை பீங்கான் பொம்மைகள். தோலும் முகத்திலுள்ள சோகமும் அசல். கண்ணின் அளவும் உடலின் அளவும் வேண்டுமென்றே மனிதருக்கு ஒத்துவராதவை. இருவரில் என் ஓட்டு பிச்கோவாவுக்குத்தான். ஆனால் கலக்கத்தைப் புரிந்துகொள்ள ஸாய்க்கோவின் வழி அதிகம் உதவும்.

இந்தக் கலக்கத்துக்கு ஒரு பெயர் உண்டு. மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய ரோபோத் துறைப் பேராசிரியர் 1970இல் எழுதிய கட்டுரையில், ஓர் உருவம் மனிதச் சாயலை நெருங்க நெருங்க நமக்கு அதன்மேல் ஒட்டுதல் கூடுகிறது, ஏறக்குறைய மனிதராகிவிட்ட இடத்தில் அந்த ஒட்டுதல் சடாரென்று பள்ளத்தில் விழுகிறது, அசல் மனிதரை எட்டும்போதுதான் மறுபடி மேலேறுகிறது என்றார். ‘அமானுஷ்யப் பள்ளத்தாக்கு’ என்று இப்போது தமிழிலும் எழுதுகிறார்கள். இதைப் பேசுகிறவர்கள் எல்லோரும் ரோபோ முகத்தையே காட்டுகிறார்கள். மோரி அந்தப் பள்ளத்துக்குக் கொடுத்த உதாரணமோ செயற்கைக் கை. நரம்பு, நகம், ரேகை எல்லாம் அசலாகத் தெரியும் கையைப் பிடித்துக் குலுக்குகிறோம். சில்லென்று, எலும்பே இல்லாத ஒரு பிடி. கண் சொன்ன சாட்சியை விரல் மறுத்துவிடுகிறது. உடம்பு சிலிர்ப்பது அந்த முரணில்தான். அதே கட்டுரையில் ஜப்பானிய புன்ராக்கு பொம்மலாட்டப் பொம்மையை மோரி மிக உயரத்தில் வைக்கிறார். அதன் அளவும் மனித அளவு கிடையாது, தோலும் தோலாகத் தெரியாது. ஆனால் அரங்கில் உட்கார்ந்து பார்க்கிறவரிடம் அது எதையும் மறைப்பதில்லை, அதனால் எந்தச் சாட்சியும் முரண்படுவதில்லை.

கை என்றால் வேலூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் 1940களின் கடைசியில் இங்கே சி.எம்.சி. மருத்துவமனையில்தான் தொடங்கினார். கை மருத்துவர்கள் முதலில் பார்க்கும் ஒன்றைப் பொம்மை செய்கிறவரும் பார்க்கப் பழக வேண்டும். உங்கள் கையை உள்ளங்கை மேலே தெரிய மடியில் தளர்வாக வையுங்கள். சுட்டுவிரலைவிட நடுவிரல், அதைவிட மோதிரவிரல், அதைவிடச் சுண்டுவிரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாக மடங்கியிருக்கும். இந்த வரிசை குலைந்திருந்தால் மருத்துவருக்குத் தசைநாண் அறுந்திருக்குமோ என்ற சந்தேகம் வரும். பொம்மையில் குலைந்திருந்தால் பார்க்கிறவருக்கு ‘ஏதோ சரியில்லை’ என்று தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது. நான்கு விரல்களையும் ஒரே வளைவில் வளைத்துவிட்டு, முகத்தில் மட்டும் மாதக்கணக்கில் உழைத்த பொம்மைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் அச்சமூட்டும் உருவங்களுக்குப் பஞ்சமே இல்லை. வட ஆற்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா முடிகிற நாளில், படுகளத்தில் துரியோதனன் மல்லாந்து கிடப்பான்: தரையிலேயே மண்ணைக் குவித்துப் பிசைந்து செய்த பேருருவம், உருட்டி விழிக்கும் கண், முறுக்கு மீசை, வண்ணப் பூச்சு. கூத்துக்காரர்கள் அந்த உடம்பைச் சுற்றி ஓடியாடி, கடைசியில் பீமன் தொடையில் அடிக்கும்போது சிவப்பு பீறிடும். பிள்ளைகள் அலறுவார்கள். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு தலை மட்டுமாக ஊர்வலம் வந்து, கோயிலில் உடலோடு பொருத்தப்படுகிறது. கூட்டத்தில் நிற்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். ஆனால் இவற்றில் எதையும் யாரும் மனிதர் என்று ஒரு நொடிகூட நினைப்பதில்லை. அங்கே பயம் கதையிலிருந்தும் பக்தியிலிருந்தும் அளவிலிருந்தும் வருகிறது. உங்கள் அடிவயிற்றில் வந்ததோ, மனிதர் என்று ஒரு கணம் நம்பி, அந்த நம்பிக்கையை மறு கணம் திரும்ப வாங்கிக்கொண்டதால் வந்தது.

அந்த நம்பிக்கையைக் கொடுப்பதும் பறிப்பதும் பெரும்பாலும் கண். ஸ்தபதி கடைசியாகத்தான் விக்ரகத்துக்குக் கண் திறக்கிறார். கொலுப் பொம்மைக்கும் விழி எழுதுவது கடைசி வேலை. அசல்போன்ற பொம்மையில் இந்த வரிசை தலைகீழ். கண்ணாடிக் கண்ணை முதலில் குழியில் பதித்து, அதன்மேல்தான் இமையைக் களிமண்ணில் இழுத்து மூடுகிறோம். கண்ணாடி என்பதால் அடுப்புச் சூடு அதை ஒன்றும் செய்யாது.

இமை எங்கே நிற்கிறது என்பதுதான் சூட்சுமம். பெரியவர்களுக்குக் கருவிழி குறுக்களவு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். மேலிமை அதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டரை மறைத்தபடி இருக்கும். கீழிமை விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். கருவிழி முழு வட்டமாகத் தெரிந்து அதற்கு மேலேயும் வெள்ளை தெரிந்தால், அது அதிர்ந்துபோன முகம் அல்லது மிரட்டுகிற முகம். புதுக் கட்டடங்களில் தொங்கவிடும் திருஷ்டிப் பொம்மைக்கும், ஊர் எல்லையில் உட்கார்ந்திருக்கும் முனீஸ்வரனுக்கும் கண்ணை அப்படி எழுதுவது தெரிந்தே செய்வது. அதே விழியைத் தெரியாமல் ஒரு சிறுமிப் பொம்மைக்கு வைத்துவிட்டால்தான் வீட்டில் யாரும் அதன் பக்கம் போகமாட்டார்கள். இன்னொன்று: இமைக்குக் கனம் உண்டு. அதன் விளிம்பு கத்தி முனையாக முடிவதில்லை. ஒரு சிறு திண்ணையாக, எப்போதும் ஈரம் மினுங்க இருக்கும். அந்த விளிம்பிலும் மூக்கோரத்துச் சிவப்பு மூலையிலும் மட்டும் மெல்லிய தூரிகையால் பளபளப்பு வார்னிஷ் தொட்டுப் பாருங்கள். அதுவரை பொருளாக இருந்தது சட்டென்று உங்களைப் பார்க்கும்.

“எங்கே நகர்ந்தாலும் கண் கூடவே வருகிறது” என்று அம்மா சொன்னால், அதுவும் உண்மைதான். பின்புறம் தட்டையான சில வகைக் கண்ணாடிக் கண்களில் கருவிழிச் சித்திரம் அடியில் இருக்கும், மேலே தெளிந்த கண்ணாடி குவிந்திருக்கும். பக்கவாட்டில் போனாலும் அந்தக் குவிவு கருவிழியை உங்கள் பக்கமாக வளைத்துக் காட்டும். ஒளி முறிவு செய்கிற வேலை. மங்கலான இரவு விளக்கில் முகத்தின் நுணுக்கமெல்லாம் அணைந்து கண்ணில் உள்ள ஒளிப்புள்ளி மட்டும் மிஞ்சுவதால், இது இன்னும் கூடுதலாகத் தெரியும்.

கண்ணாடிக் கண்ணைப் பற்றி ஒரு கிளைக்கதை. ஷெல் கண் மருத்துவமனை இருக்கிற ஊரில் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் லௌஷா என்று ஒரு கண்ணாடித் தொழில் ஊர். அங்கே பொம்மைகளுக்குக் கண் செய்துகொண்டிருந்த லூட்விக் முல்லர் ஊரி, 1835இல் மனிதர்களுக்கான செயற்கைக் கண்ணைச் செய்யத் தொடங்கினார். 1868இல் கிரையோலைட் சேர்ந்த கண்ணாடிக்கு மாறிய பிறகு, அது வெண்விழியின் நிறத்தை இன்னும் நெருங்கியது. விபத்திலும் நோயிலும் கண்ணை இழந்தவர்களுக்குப் பொருந்திய கண்ணாடிக் கண் பொம்மைக்காரர் பட்டறையில் பழகிய கை செய்தது. மருத்துவத்திலிருந்துதான் கலைக்கு வந்திருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அடுத்தது தோல். நம் தோல் வெறும் மேற்பூச்சாக ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை. ஒளி கொஞ்சம் உள்ளே நுழைந்து, சிதறி, சிவந்து வெளியே வருகிறது. வெயிலுக்கு எதிராகக் காதைப் பிடித்தால் சிவப்பாகத் தெரிவது அதனால்தான். மெழுகும் சுட்ட பீங்கானும் சிலிக்கோனும் இந்தக் கலைக்கு விருப்பமான பொருட்களாக இருப்பதற்கு இந்த ஒளி ஊடுருவலே காரணம். ஜப்பானில் 19ஆம் நூற்றாண்டில் ‘உயிர்ப் பொம்மைகள்’ செய்து காட்சிக்கு வைத்த மத்ஸுமோதோ கிஸபுரோ, யஸுமோதோ கமேஹச்சி இருவரும் குமமோதோ ஊர்க்காரர்கள். ஜப்பானியப் பொம்மைகளின் முகத்துக்கு வழிவழியாக வந்த பூச்சு, சிப்பி ஓட்டுப் பொடியை விலங்குப் பசையில் குழைத்தது. அதைப் படலம் படலமாகப் பூசித் தேய்த்து எடுத்தால் அடியிலிருந்து ஒளிர்வதுபோல் ஒரு மினுமினுப்பு வரும்.

இங்கே நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது நிறத்தில். கிடைக்கிற செயல்முறைக் காணொளிகளில் பெரும்பான்மை வெள்ளைத் தோலுக்கானவை. அதைப் பார்த்துவிட்டு, மாநிறம் வேண்டும் என்று பழுப்புச் சாயத்தைக் களிமண்ணில் கொட்டிப் பிசைகிறார்கள். ஒளி உள்ளே போக வழியில்லாமல் அடைபட்டு, பொம்மை பூசிய சுவராகிவிடுகிறது. மாநிறமும் கறுப்பும் ஒற்றை நிறங்கள் இல்லை. ஒளி ஊடுருவும் களிமண்ணோடு கொஞ்சம் காவி மஞ்சள் கலந்த அடித்தளத்தில் தொடங்குங்கள். அதன்மேல் சிவப்பு, ஊதா, பச்சை சாய்ந்த மஞ்சள், கடைசியில் பர்ன்ட் சியன்னா எனும் செம்பழுப்பு என்று தண்ணீராக நீர்த்த பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுங்கள். விரல் கணுக்களும் கண்ணைச் சுற்றிய வட்டமும் ஒரு படி இருண்டிருக்கும். உள்ளங்கை வெளுத்து, ரேகை மட்டும் பழுப்பாக ஓடும். உதடு பலருக்கு இரண்டு நிறம்: ஓரம் கறுத்து, உள்ளே ரோஜா. இதையெல்லாம் கவனித்துச் செய்த ஒரு மாநிறக் கைக்குழந்தைப் பொம்மைக்குக் கன்னத்தில் மைப்பொட்டு வைத்து மேசைமேல் கிடத்தியிருந்தேன். வீட்டுக்கு வந்த பெரியம்மா, “யார் வீட்டுப் பிள்ளை? இந்த வேக்காட்டில் ஃபேன்கூடப் போடாமல் விட்டிருக்கிறாயே” என்று கடிந்துகொண்டே போய்ப் பாதத்தைத் தொட்டார். தொட்ட கையை இழுத்துக்கொண்டவர் பிறகு காப்பியைக்கூட அடுத்த அறையில்தான் குடித்தார். மோரியின் செயற்கைக் கை, அப்படியே.

முடிக்கு வருவோம். திருப்பதி பக்கத்தில் இருக்க, ஆட்டு முடியை எதற்கு வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். மனித முடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இளம் அங்கோரா ஆட்டின் முடி 25 மைக்ரான் அளவு. மூன்றில் ஒரு பங்கு அளவில் செய்த தலையில் மனித முடியை வைத்தால் தேங்காய்நார்க் கயிறாகத் தெரியும். முழு அளவுப் பொம்மைக்குத் தாராளமாக வைக்கலாம். வினைல் தலையாக இருந்தால் முள் வெட்டிய ஊசியால் ஒவ்வொரு இழையாகக் குத்தி நடுவது வழக்கம். அப்படி நடும்போது சுழி வைக்க மறந்துவிடாதீர்கள். நம் வீடுகளில் குழந்தையைத் தூக்கியதும் உச்சியில் ஒற்றைச் சுழியா இரட்டைச் சுழியா என்றுதான் பார்ப்பார்கள். சுழி இல்லாத தலை விக் வைத்த தலை.

‘ரீபார்ன்’ எனப்படும் கைக்குழந்தைப் பொம்மைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தேடினால் அவைதான் அதிகம் வரும். அமெரிக்காவில் 1990களில் பரவிய வகை. வினைல் உறுப்புகளை வாங்கி, சூட்டில் இறுகும் வண்ணத்தைப் பல படலங்களாகப் பூசி, ஒவ்வொரு படலத்தையும் அடுப்பில் சுட்டு எடுக்கிறார்கள். துணி உடம்புக்குள் கண்ணாடி மணிகளை நிரப்பி எடை ஏற்றுகிறார்கள். தூக்கினால் தலை பின்னால் சாயும். நம் கை தானாகக் கழுத்துக்கு அடியில் போய்விடும். 2016இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கீன் என்ற ஊரில், பூட்டிய காருக்குள் குழந்தை கிடப்பதாக எண்ணிப் போலீஸ்காரர் கண்ணாடியை உடைத்து எடுத்தது இப்படி ஒரு பொம்மையைத்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், மறதி நோயிலிருக்கும் முதியவர்கள் இவற்றால் ஆறுதல் அடைவதுண்டு. அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கலையாக எனக்கு இவற்றில் சுவாரஸ்யம் குறைவு. ஏமாற்றுவது ஒன்றே குறி. ஏமாந்து முடிந்ததும் பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ரான் முயெக் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். பொம்மலாட்டப் பொம்மைகள் செய்வதில் தொடங்கிச் சிற்பியானவர். 1997இல் லண்டனில் காட்சிக்கு வந்த ‘இறந்த தந்தை’ சிற்பத்தில் ரோமக்கால் வரை எல்லாம் அசல். நீளம் மட்டும் ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த ஒன்றை அவர் பொய்யாக விட்டதால், இது சிற்பம் என்பதை நாம் மறப்பதே இல்லை, இருந்தும் தொண்டை அடைக்கிறது. முழு அளவில் செய்திருந்தால் ஓர் அதிர்ச்சியோடு முடிந்திருக்கும். நீங்களும் தொடங்கும்போது அளவைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். 40 முதல் 50 சென்டிமீட்டர் உயரம் நல்ல அளவு.

வேலூரில் இருந்துகொண்டு செய்வதில் முதல் எதிரி வெயில். பாலிமர் களிமண் என்பது உண்மையில் மண்ணே கிடையாது, பி.வி.சி. தூளும் அதை நெகிழவைக்கும் எண்ணெய்ப் பொருளும். வகையைப் பொறுத்து 110 முதல் 130 டிகிரியில் சுட வேண்டும். ஆனால் சித்திரை வெயிலில் பார்சல் வண்டியில் கிடந்தாலே பாதி இறுகி, பிசைந்தால் பொடிப்பொடியாக உதிரும். மார்கழி, தை மாதங்களில் வாங்கி, வீட்டில் குளிர்ந்த மூலையில் வையுங்கள். சுடுவதற்குத் தனியாக ஒரு சிறிய ஓவன் வேண்டும்; சமையலுக்கு வைத்திருப்பதில் சுடாதீர்கள். அடுப்புக்குள் வெப்பமானி ஒன்று வையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அளவு மீறிச் சூடேறினால் பி.வி.சி. கருகி ஹைட்ரஜன் குளோரைடு புகையை விடும், தொண்டையை அரிக்கும். காற்றில் உலரும் களிமண் மலிவுதான், ஆனால் இங்கே மேற்புறம் முதலில் காய்ந்து வெடித்துவிடும். ஈரத் துணி போர்த்தி இரண்டு மூன்று நாள் மெல்ல உலரவிட வேண்டும். குயவர் மண்ணில் இந்த நுணுக்கம் பிடிக்காது. அதன் பருமணலும் சூளையில் சுருங்கும் குணமும் இமை விளிம்பைத் தின்றுவிடும்.

இந்த ஊரில் சில வசதிகளும் உண்டு. பொம்மைக்குச் செருப்பும் ஷூவும் தைக்க மெல்லிய தோல் வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் வேலை தெரிந்த யாரையாவது கேட்டால் துண்டுத் தோலை அடியில் சீவி மெல்லிசாக்கித் தருவார்கள். முகங்களைப் பார்த்துப் பழகவும் இதைவிட நல்ல ஊர் அமையாது. சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் காட்பாடி ஜங்ஷனில் வந்து இறங்குகிறார்கள். ஒரே நடைமேடையில் எத்தனை வகை இமை மடிப்பு, எத்தனை வகைக் காது. படம் எடுக்காதீர்கள், நோயாளிகளோடு வந்தவர்கள். பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து வரையுங்கள். வகுப்பு தேடி அலைவதற்கு முன்னால் ஒற்றைக் கண்ணும் அதன் இரண்டு இமைகளும், பிறகு ஓய்வில் இருக்கும் ஒரு கை, இவை இரண்டையும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். முழு உருவத்துக்கு அவசரமே இல்லை.

முழு உருவம் செய்யும் நாள் வந்ததும், அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கப்போகும் முதல் பொம்மையைத் தூங்கும் குழந்தையாகச் செய்வது நல்லது. கண்ணாடிக் கண்ணின் செலவு மிச்சம், ராத்திரியில் யாரையும் அது பார்க்காது. ஆனால் மூடிய கண்ணில் வேறொரு ஆபத்து இருக்கிறது: தூக்கம் சாவாகத் தெரிந்துவிடும். அதைத் தடுப்பவை சின்ன விஷயங்கள். காது மடலின் ஓரத்திலும் பாதத்திலும் நல்ல சிவப்பு வேண்டும். ஒரு கை முஷ்டி மடக்கியிருக்கட்டும், கட்டைவிரல் உள்ளே. வாய் சற்றே திறந்து, கீழுதட்டு நடுவில் ஒரு புள்ளி வார்னிஷ் ஈரம். தலை ஒரு பக்கம் திரும்பி, அந்தப் பக்கத்துக் கன்னம் தலையணையில் அழுந்திக் கொஞ்சம் பிதுங்கியிருக்க வேண்டும். எடை விழுகிற உடம்பு உயிருள்ள உடம்பாகத் தெரியும். சுட்டு முடித்ததும் கண்ணாடிப் பெட்டியில், நேர்வெயில் படாத அலமாரியில் வையுங்கள். நடுக்கூடத்தில் வேண்டாம். பார்க்க விரும்புகிறவர்கள் போய்ப் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும்.